கவுன் பார்க்க எப்போ போகணும்

தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத மனிதர் என்று யோசித்தால் எனக்கு ஜெனி அப்பாவைத்தான் ஞாபகம் வருகிறது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர். எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மகள் ஜெனி, ஆகவே அவர் ஜெனி அப்பா.

குருசுக்குப்பத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது எதிர்வீட்டில் அவரும் ஏழு வயது ஜெனியும் மட்டும்தான். ஜெனியின் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

வந்த புதிதில் ஒரு காலை வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். பால்காரர் என்று நினைத்துப் போனேன். கையில் இரண்டு சிவப்பு ரிப்பனோடு அவர் நின்றிருந்தார். பக்கத்தில் தலையை விரித்துப் போட்டபடி ஜெனி. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே வருவதற்காக இல்லை. யாரிடம் எதைக் கேட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

“ஒண்ணு கேக்கணும்மா. ரெட்ட சடைக்கு வகிடு எங்கருந்து எடுக்கணும்? கோணலா கீதுன்னு ஸ்கூல்ல சிரிக்கிறாங்களாம்.”

பின்னிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் சீப்பைத் தரவில்லை.

“நீ சொல்லும்மா, நான் பின்றேன். நாளைக்கும் பின்னணும் இல்ல?”

நான் சொல்லச் சொல்ல, கேட்டுக்கு வெளியே நின்றபடியே பின்னினார். முடித்ததும் நான் சொன்னதை ஒருமுறை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு, “சரி, தெரிஞ்சிக்கினேன்” என்றார். அவ்வளவுதான். நன்றி, கின்றி எல்லாம் கிடையாது. அந்தத் ‘தெரிஞ்சிக்கினேன்’தான் அவருடைய நன்றி.

அப்படித்தான் அவர் மகளை வளர்த்தார். மீன்காரம்மாவிடம், “இதுல முள்ளு எப்படி? சின்னப் பொண்ணு தனியா எடுத்துத் திங்குமா?” என்று கேட்பார். பள்ளிக்கூடத்து சிஸ்டரிடம், வீட்டுப்பாடம் சொல்லித்தரத் தெரியாத அப்பன் வேறு எந்த வகையில் உதவலாம் என்று கேட்டாராம். அந்த சிஸ்டர், பிள்ளை எழுதும்போது நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள் என்றார்களாம். ஜெனி கல்லூரி முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் சாயங்காலம் அந்தக் காட்சி தெரியும். அவள் எழுதிக்கொண்டிருப்பாள். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு, காவலுக்கு வைத்தவர் மாதிரி இருப்பார்.

பஞ்சாலையில் வேலை செய்தவர். ஆலையை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டப் போனார். ஜெனியின் முதல் தாவணிக்குத் துணி எடுக்க என்னை அழைத்துப் போனபோது கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டார். ஆலையில் இருந்தவருக்கா துணி தெரியாது என்றேன்.

“அங்க நூலு மட்டும்தாம்மா ஓடும். அது போயி புடவையாவுதா போர்வையாவுதா, யாரு பார்த்தா?”

ஜெனி பெரிய மனுஷி ஆன அன்று அவர் வந்து நின்றது எனக்கு மறக்காது. செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கடையில இன்னா பேரு சொல்லி வாங்கணும்மா? எவ்ளோ நேரத்துக்கு ஒருவாட்டி மாத்தணும்? வயிறு வலிக்குதுன்னா இன்னா குடுக்கணும்?”

நான் வாங்கிவருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவரே போய் வாங்கி, கறுப்புப் பையில் ஒளித்துக்கொள்ளாமல் கையில் எடுத்து வந்தார். எங்கள் தெருவில் அந்தப் பேரை வாயால் சொல்லி வாங்கிய ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. மூன்றாவது வீட்டில் எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது அந்த ஆள் வந்துவிட்டார்.

“ஆம்பள இல்லாத நேரத்துல பொம்பளகிட்ட உனக்கு இன்னாய்யா பேச்சு?”

தெருவே எட்டிப் பார்த்தது. ஜெனி அப்பாவுக்குக் கோபம் வரவில்லை.

“அப்ப யாரக் கேக்கறது? சரி, உன்னக் கேக்கறேன். பதினாலு வயசுப் பொண்ணுக்கு உள்பாவாட எந்த அளவுல எடுக்கணும்?”

கேலிக்காக அவர் கேட்கவில்லை. பதில் வரும் என்று நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றார். எலெக்ட்ரிக் கடைக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு கொஞ்ச காலம், வீட்டு ஆண்களிடம் முதலில், “தம்பி, அந்தம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கட்டுமா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டார். அதுவும் நாளடைவில் விட்டுப்போயிற்று.

ஜெனிக்கும் ஒரு வயதில் அவமானமாகத்தான் இருந்தது. “மூஞ்சில ஒரு பரு வந்தா போதும்க்கா. மெடிக்கல் ஷாப்ல அத்தன பேரு முன்னாடி நின்னு, எம்பொண்ணுக்குப் பரு வந்துருக்குது, இன்னா போடலாம்னு கேப்பாரு” என்று என்னிடம் அழுதிருக்கிறாள். இன்னொரு நாள் சிரித்துமிருக்கிறாள். படித்து முடித்து ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல பெண். அப்பாவைப் போல உயரம், அவரைப் போலவே நேரான பேச்சு.

நெல்லித்தோப்பில் இருந்து மாப்பிள்ளை வந்தார். ஏ.சி. பழுது பார்க்கிற பையன், குணமானவன். மாதா திருநாள் முடிந்த கையோடு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் துபாயில் இருந்து லீவில் வரவேண்டும் என்பதால் கல்யாணத்தைப் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழித்து வைத்துக்கொள்வது என்று பேசினார்கள். சாயங்காலத்துப் பட்டுப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, காலையில் கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைக் கவுன் பெண் வீட்டார் பொறுப்பு.

மறுநாள் காலை ஜெனி அப்பா கேட்டைத் தட்டினார்.

“ஒண்ணு கேக்கணும்மா. கவுன் பார்க்க எப்ப போவணும்?”

“அவசரமே இல்லண்ணா. கிறிஸ்துமஸ் கூட்டம் அடங்கட்டும். தை பொறந்து போனா போதும்.”

“அதுக்கு முன்னாடி போனா தப்பா?”

“தப்பில்ல. கல்யாணம் வரைக்கும் பொண்ணு இளைக்கும், சத போடும். அளவு மாறிப்போயிடும். அதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் தலையாட்டினார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. ‘தெரிஞ்சிக்கினேன்’ என்று சொல்லவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இதே கேள்வியை ஊரெல்லாம் கேட்டார். தெருமுனைத் தையல்காரம்மா, துணியை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், ஒரு மாதத்தில் தைத்துவிடலாம் என்றாள். சொல்தா வீட்டம்மா என்று ஒரு பெரிய மனுஷி எங்கள் பக்கத்துத் தெருவில் உண்டு. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். பென்ஷன் இன்னும் பிரான்சில் இருந்துதான் வருகிறது. அந்தம்மா கவுனை ரோப் என்றுதான் சொல்வார்கள். “ரோப்பை ஒரு வருஷம் முன்னாடியே பார்க்கணும்ப்பா. எங்களுக்கெல்லாம் பாரீஸ்ல இருந்து வந்துச்சு” என்றார்களாம். சேதராப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த ஜெனி அப்பாவின் அக்கா, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால் கல்யாணத் துணி வீட்டுக்குள் வரக்கூடாது, ஆகாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். கோயில் உபதேசியார் வேறு விதம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்து இறக்கமாக இருந்தால் மட்டும் சாமியார் விடமாட்டார் என்றார்.

ஒவ்வொரு பதிலையும் என்னிடம் வந்து சொல்வார். சொல்லிவிட்டு, “ஆளுக்கொண்ணு சொல்றாங்கம்மா” என்பார். அவருக்கு வேண்டிய பதிலை யாரும் இன்னும் சொல்லவில்லை என்பது மாதிரி இருக்கும் அது.

ஜெனிக்குத் தெரியாமல் கடைகளுக்கும் போய்வந்திருக்கிறார். தனியாக ஒரு ஆம்பளை, சேதராப்பட்டு வேலை உடுப்போடு, கவுன் கடையில் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? “பொண்ணு எங்க சார்?” என்று கேட்டார்களாம். “பொண்ணு அப்பறம் வரும். நான் முன்னாடி வந்து கேட்டு வெச்சிக்கறேன்” என்றாராம். பின்பக்கம் கொக்கி நல்லதா, ஜிப்பா? கீழே எவ்வளவு புரளலாம்? வெள்ளையில் இத்தனை வெள்ளை எதற்கு? எல்லாம் கேட்டிருக்கிறார்.

“வாடகைக்கும் குடுக்கறாங்களாம்மா. ஒரு நாள் போட்டுட்டுத் திருப்பிடலாமாம். எம்பொண்ணுக்கு அது வாணாம்.”

“இப்ப நெறைய பேரு அப்படித்தான் எடுக்கறாங்கண்ணா.”

“எடுக்கட்டும். அவங்கம்மா போட்டுக்கினதும் யாரோ ஒருத்தரோட கவுன்தான். அடுத்த தெருவுல வாங்கியாந்தாங்க. தோள்ல நிக்கல. பூசை முழுக்க ஒரு கையால புடிச்சிக்கினே நின்னா. மோதிரம் போடணும் கைய நீட்டும்மான்னு சாமியார் சொல்றாரு, அவ கவுன விடறதா வாணாமான்னு முழிக்கறா.” சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. “கோயில்ல சாமியக்கூட அவ நிம்மதியா கும்பிடலம்மா.”

அவர் இளைத்துக்கொண்டு வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நிச்சயத்து விருந்திலேயே பிரியாணியைத் தொடவில்லை, ரசத்தை மட்டும் வாங்கிக் குடித்தார். கேட்டதற்குப் பல் ஆடுகிறது என்றார். ஜெனி பல் டாக்டரிடம் கூப்பிட்டாள். கல்யாணம் முடியட்டும், மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று சிரித்து மழுப்பினார். என் வீட்டுக்காரர் கேட்டதற்கு வெயில் என்றார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது.

கல்லறைத் திருநாள் அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஜெனி அம்மாவின் கல்லறைக்கு வருடா வருடம் அவர்தான் சுண்ணாம்பு அடிப்பார். யாரையும் தொட விடமாட்டார். அந்த வருடம் ஜெனி அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்துக் கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது சிலுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டு நாள் கழித்து வாசலுக்கு வந்தவரை உள்ளே வரச் சொன்னேன். அதிசயமாக வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது கரைந்து தொங்கிய பிறகும், வாயில் வைத்து விழுங்க முடியாமல் கண் கலங்கி, முந்தானையால் மறைக்கிற பெண்பிள்ளை மாதிரி தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இது பல்லு இல்லண்ணா. டாக்டரக் கேட்டீங்களா?”

மிச்சப் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

“ஊர்ல ஒருத்தர பாக்கி வெக்காம எல்லாத்தையும் கேக்கறீங்க. இத மட்டும் ஏன் யாரையும் கேக்கல?”

டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“கேட்டா சொல்லிடுவாங்கம்மா.”

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சொல்லிட்டா அப்பறம் அது தெரிஞ்சிடும். தெரிஞ்சிடுச்சின்னா அந்தப் பொண்ணு கவுன் பார்க்க வருமா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு இதையே கட்டிக்கினு அலையும். அதனாலதான் எப்ப போவலாம், எப்ப போவலாம்னு உங்களையெல்லாம் கேட்டுக்கினு இருந்தேன். ஒருத்தராவது இப்பவே போன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

அதை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடமே சொல்லிவிட்டேன், நான் ஜெனியிடம் பேசப்போகிறேன் என்று. வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. ஜெனி வேலை முடிந்து வந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை பையைக்கூடத் தோளில் இருந்து இறக்காமல் நின்றாள். பிறகு உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, “பல்லுன்னுதான் நெனச்சேன்” என்றார், அந்த நேரத்திலும்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. ஈரல்வரை போயிருந்தது. முடிவு சொன்ன அன்று ஜெனி மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். உள்ளே அவரும் நானும். டாக்டர் சின்னப் பெண். கண்ணில் தூக்கம் இல்லாத களைப்பு. கட்டி எங்கே இருக்கிறது, அறுக்க முடியாது, வலிக்கு மருந்து தரலாம், விழுங்குவதற்கு ஒரு குழாய் வைத்துப் பார்க்கலாம் என்று மெதுவாக, அவருக்குப் புரியும்படி சொன்னார். பிறகு, “நீங்க எதாவது கேக்கணுமா?” என்றார்.

மேஜைக்கு அடியில் அவர் கால்கள் செருப்பில் இருந்து வெளியே வந்தன.

“ஒண்ணு கேக்கணும்மா. எம்பொண்ணுக்குப் பாஸ்கா முடிஞ்சி கல்யாணம். வெள்ளக் கவுன் எடுக்கணும். எப்ப போறது?”

டாக்டர் என்னைப் பார்த்தார். வேறு கேள்விக்கு அவர் தயாராக இருந்திருப்பார். எத்தனை நாள் என்பார்கள், பிழைப்பேனா என்பார்கள். இதை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“கூட நீங்களும் போகணுமா?”

“நான் போவணும்.”

டாக்டர் பேனாவை மூடினார்.

“அப்படின்னா இந்த வாரமே போயிட்டு வந்துடுங்கப்பா.”

“இந்த வாரமே போயிட்டு வந்துடணும்” என்று ஜெனி அப்பா திருப்பிச் சொன்னார். “சரிம்மா. தெரிஞ்சிக்கினேன்.”

வீட்டில் ஜெனி வரமாட்டேன் என்றாள். நீ இப்படிக் கிடக்கும்போது எனக்குக் கவுன் ஒரு கேடா என்று கத்தினாள். மாப்பிள்ளைப் பையன் வந்து பேசினான். அண்ணன் வராவிட்டால் பரவாயில்லை, இப்போதே ஓலை வாசிக்கச் சொல்லி சாமியாரிடம் கேட்போம், மாமா பார்க்கக் கல்யாணம் நடக்கட்டும் என்றான். சாமியாரும் சரி என்றார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து முகம் கழுவினாள்.

மிஷன் வீதியில் ஒரு கடை. காலை நேரம், கூட்டம் இல்லை. ஆட்டோவில் மூவரும் போனோம். இரண்டு படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கடைப்பெண் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது.

“வாங்க சார். பொண்ணக் கூட்டினு வந்துட்டீங்களா?” ஜெனியிடம் திரும்பி, “உங்கப்பா கடையில இருக்கற எல்லா கவுனையும் பார்த்துட்டாருக்கா. நாலஞ்சு தடவ வந்திருக்காரு” என்றாள்.

ஜெனிக்கு அது அப்போதுதான் தெரியும். அப்பாவைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எடுத்துக்கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வந்தாள். பாசிமணி, ஜரிகை என்று உடம்பெல்லாம் மின்னியது. கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், “இதே போதும்ப்பா” என்றாள். சீக்கிரம் முடித்துக்கொண்டு அவரைப் படுக்க வைக்கவேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

“கை ரெண்டையும் தூக்கு.”

தூக்கினாள். தோள் நழுவியது.

“இது வாணாம்.”

இன்னொன்று வந்தது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். இடுப்பில் பிடித்தது. அதுவும் வேண்டாம் என்றார். அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது, ஆனால் அவசரப்படவில்லை. கடைப்பெண்ணிடம், “அந்த மேல் தட்டுல, கை நீளமா, பூ வேல கம்மியா ஒண்ணு இருந்திச்சே, வித்துப்போச்சா?” என்று கேட்டார். அது இருந்தது.

ஜெனி திரையை விலக்கி வெளியே வந்தாள். கழுத்துவரை மூடிய, மணிக்கட்டுவரை மெல்லிய பின்னல் வைத்த சாதாரண வெள்ளைக் கவுன். அவளுக்காகவே தைத்தது மாதிரி இருந்தது. இந்தமுறை அவளும் கண்ணாடியைப் பார்த்தாள்.

“கையத் தூக்கு.”

தூக்கினாள். தோள் நின்றது.

“உக்காரு.”

எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள்.

“மண்டி போட்டுப் பாரு. பூசையில எத்தினி வாட்டி மண்டி போடணும். முட்டியில மாட்டி இழுக்கக் கூடாது.”

ஜெனி பாவாடைப் பகுதியை லேசாகத் தூக்கிக்கொண்டு, அவர் நாற்காலிக்கு எதிரே, கடையின் டைல்ஸ் தரையில் மண்டி போட்டாள். துணி அவளைச் சுற்றிப் பரவி அடங்கியது. முட்டியில் மாட்டவில்லை. எழுந்திருக்கலாம். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தாள்.

எங்களில் கல்யாணத்தன்று காலை கோயிலுக்குப் புறப்படும் முன் பெண் இப்படித்தான் அப்பா அம்மா முன்னால் மண்டி போடுவாள். அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதையோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வலதுகைக் கட்டைவிரலை அவள் நெற்றியில் வைத்து மெதுவாகச் சிலுவை வரைந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு கையை எடுத்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை. அளவு நாடாவோடு வந்த கடைப்பெண் பாதியிலேயே நின்று, நாடாவைச் சத்தமில்லாமல் சுருட்டிக்கொண்டாள்.

“முட்டியில இழுக்குதா?” என்று அவர் கேட்டார்.

“இல்லப்பா.”

“அப்ப இதுவே இருக்கட்டும்.”

அந்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். அவர் வரவில்லை, வரமுடியவில்லை. வீட்டில் கட்டிலில் இருந்துகொண்டு, பேர் சரியாகப் படித்தார்களா என்று மட்டும் என்னிடம் கேட்டார். சரியாகத்தான் படித்தார்கள் என்றேன். இரண்டாம் ஓலை வாசிக்கும்போது அவர் இல்லை. ஒரு மத்தியானம், ஜெனி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். தெருவே வந்தது. எலெக்ட்ரிக் கடைக்காரர் தூக்குகிறவர்களில் முன்னால் நின்றார். அவருடைய மனைவி, இனிமேல் நம்மிடம் யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஜெனி அம்மாவின் கல்லறையிலேயே அவரையும் வைத்தார்கள். ஜெனி அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது.

கல்யாணம் மறுபடி பாஸ்காவுக்குப் பிறகு என்றே ஆயிற்று. அந்த மாதங்களில் ஜெனி ரொம்ப இளைத்துப்போனாள். தெருமுனைத் தையல்காரம்மா கவுனை இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுக்கவேண்டி வந்தது. கூலி வாங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை நான்தான் ஜெனிக்குக் கொக்கி மாட்டிவிட்டேன். தலைக்கு நெட் வைத்து, கையில் பூச்செண்டு கொடுத்துக் கூடத்துக்கு அழைத்துவந்தேன். அங்கே சேதராப்பட்டு அத்தை ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, அதன்மேல் அவருடைய போட்டோவை மாலை போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் மெழுகுவத்தி. வாசலில் கார் நின்றிருந்தது. உறவுக்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“வாடிம்மா. அப்பா முன்னாடி மண்டி போட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கினு அப்பறம் வாசப்படிய தாண்டு.”

ஜெனி போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

“அப்பா சிலுவ போட்டுட்டாரு அத்த.”

“இன்னாடி சொல்ற?”

“எனக்குப் போட்டுட்டாரு. இந்தக் கவுன்லயே போட்டுட்டாரு. இன்னொரு வாட்டி வாணாம்.”

அத்தை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஜெனி இரண்டு கையாலும் கவுனைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் நெட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தை போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“நீங்க போங்க” என்றார். “நான் தம்பியோட கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்.”